குதிரைக்கு நேரும் கேடுகள்: அறிதல், தடுத்தல், கவனித்தல்

நலமாக இருக்கும் குதிரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் நோய் முதல் நாளே கண்ணில் படும். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். மூச்சு 8 முதல் 16 வரை. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை காட்டும்; புதுக்கோட்டை மாவட்டத்தின் சித்திரை, வைகாசி மதியத்தில் நிழலில் நின்றாலும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பும். விலாவுக்குப் பின்னே இரு பக்கமும் காதை வைத்துக் கேட்டால் குடல் இரைந்துகொண்டே இருக்கும். குடல் சத்தமே கேட்கவில்லை என்றால் அது நல்ல செய்தியல்ல.

நாடி பார்க்கச் சிறந்த இடம் கீழ்த்தாடை. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் பென்சில் தடிமனில் ஒரு குழாய் உருளும். அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்தி 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். இந்த அளவுகளைக் குதிரை நன்றாக இருக்கும் நாட்களில், காலையில் தீவனம் வைக்கும் முன், ஒரு வாரம் பார்த்து நோட்டில் எழுதிவைப்பது நல்லது. எல்லாக் குதிரைக்கும் பொதுவான கணக்கைவிட அந்தக் குதிரைக்கே உரிய கணக்கு மருத்துவருக்கு அதிகம் பயன்படும். நாடி 32 துடிக்கும் குதிரைக்கு 44 என்பது கவனிக்க வேண்டிய மாற்றம். புத்தகக் கணக்குப்படி அது சரியான அளவுதான்.

மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. எடைமேடை இல்லாத இடத்தில் துணி அளவு நாடாவே போதும். முன்னங்காலுக்குப் பின்னே மார்பைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். மார்பு 160, நீளம் 145 என்றால் எடை ஏறக்குறைய 312 கிலோ. கண்ணளவில் சொல்லும் எடையைவிட இது நம்பத்தக்கது.

வயிறும் தீவனமும்

தமிழகக் கடற்கரைக்கு அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், காரணத்தில் இல்லை. இன்றும் புதுக்கோட்டை வட்டாரத்தில் குதிரையைச் சாய்ப்பதில் பெயர்பெற்ற கொள்ளைநோய்களைவிடத் தீவனத் தொட்டிக்கே பங்கு அதிகம்.

குதிரையின் இரைப்பை உடலுக்குப் பொருந்தாத அளவில் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மாட்டைப் போல அசைபோடும் பைகள் அதற்கு இல்லை. வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளெல்லாம் நார்த்தீவனம் வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த நார்த்தீவனம் ஒரு நாளைக்குத் தேவை. 300 கிலோக் குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ. கொள்ளு, தவிடு, ஓட்ஸ் போன்ற அடர்தீவனம் அதற்கு மேல்தான். வேலை இருக்கும் நாளில் கூட்டலாம், ஓய்வு நாளில் குறைத்தே ஆக வேண்டும். எந்த மாற்றத்தையும் ஒரே வேளையில் செய்யாமல் ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்வது முதல் விதி.

வயிற்றுவலி வந்த குதிரை முதலில் தீவனத்தை விட்டு விலகி நிற்கும். பிறகு முன்னங்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுக்கும், எழும், மறுபடியும் படுக்கும். வலி முற்றினால் தரையில் புரளும். நாடி 60-ஐத் தாண்டினால், ஈறு செங்கல் நிறத்துக்கோ நீலத்துக்கோ மாறினால், அது மருத்துவர் வரும்வரை காத்திருக்கும் வலி அல்ல. வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய வலி. தீவனத்தை உடனே எடுத்துவிட வேண்டும். புரண்டு அடிபடாமல் இருக்கக் கையில் பிடித்து மெதுவாக நடத்தலாம். களைத்துப்போன குதிரையை மணிக்கணக்கில் இழுத்து நடத்துவதால் பயன் இல்லை. விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், ஓமத்தண்ணீர் என்று மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ வாய்வழி ஊற்றுவது மாட்டுக்குப் பழகிய கை செய்யும் வேலை. குதிரைக்கு அப்படி ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழுகும் அபாயம் உண்டு. மருத்துவர் மூக்குவழிக் குழாய் விட்டு இரைப்பைக்குச் செலுத்துவது வேறு, இது வேறு. வலிநிவாரண ஊசியையும் மருத்துவர் பார்க்கும் முன் போடக்கூடாது. ஊசி வலியை மறைத்துவிட்டால் குடல் முறுக்கா, அடைப்பா, வெறும் வாயுவா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

கடலோரத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் மணல் தரையில் கொட்டிய வைக்கோலைக் குதிரை தின்னும்போது உதட்டோடு மணலும் உள்ளே போகும். மாதக்கணக்கில் அது பெருங்குடலின் அடியில் படிந்து, ஒரு நாள் வயிற்றுவலியாகவோ ஓயாத கழிச்சலாகவோ வெளிப்படும். இதைச் சோதிக்கச் செலவே இல்லை. தரையில் படாத லத்தி உருண்டை ஐந்தாறை எடுத்து ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, பையின் ஒரு மூலை கீழே தொங்குமாறு கால் மணி நேரம் கட்டித் தொங்கவிட வேண்டும். நார் மிதக்கும்; மணல் அந்த மூலையில் இறங்கும். விரலால் தொட்டால் நறநறவென்று இருக்கும். ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேல் படிந்தால் குதிரையின் வயிற்றில் மணல் சேர்கிறது என்று பொருள். மணல் படியவில்லை என்பதற்காக வயிற்றில் மணலே இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. பழைய லாரி டயரை வெட்டிய தொட்டியோ சிமெண்டுத் தொட்டியோ வைத்து அதில் தீவனம் போடுவதே தீர்வு.

வைக்கோலை மட்டும் நம்பும் இடங்களில் தண்ணீர் குறைந்தால் குடல் அடைக்கும். ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 45 லிட்டர் குடிக்கும். வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம். தொட்டியில் பாசி பிடித்திருந்தால் தாகம் இருந்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

தவிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசித்தவிடு மலிவு, குதிரை விரும்பித் தின்னும், உடம்பும் பளபளக்கும். ஆனால் அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மாட்டுக்கென்று வளர்க்கும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லிலும், மேட்டுநிலத்துக் கொழுக்கட்டைப் புல்லிலும் உள்ள ஆக்சலேட், இருக்கும் சுண்ணாம்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மாதக்கணக்கில் கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும், பிறகு கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே முகத்தெலும்பு இரு பக்கமும் வீங்கித் தலை பெரிதாகத் தோன்றும், பல் ஆடும். இந்த நிலையில் வந்த வீக்கம் முழுதாக வடியாது. அருகம்புல்லைச் சேர்ப்பது, குதிரை மசால் ஒரு பங்கு வைப்பது, தவிட்டைக் குறைத்து மருத்துவர் சொல்லும் அளவில் கால்சியம் சேர்ப்பது ஆகியவை இதைத் தடுக்கும். குதிரை மசாலின் பெயரே அதன் பழைய பயனைச் சொல்கிறது. இன்று அதைக் கறவை மாட்டுக்கு மட்டுமே நினைக்கிறார்கள்.

நஞ்சாகும் பொருள்கள்

கோழித் தீவனம் குதிரைக்கு எமன். கோழியின் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத்தசையை அழிக்கும். கோழியைக் கொல்லத் தேவைப்படும் அளவில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மோனென்சினே குதிரையைக் கொல்லப் போதும். சில மாட்டுத் தீவனங்களிலும் இது கலந்திருக்கும். மூட்டையின் சீட்டைப் படிக்காமல் தீவனம் மாற்றக்கூடாது. கோழித்தீவனம் அரைத்த இயந்திரத்தில் குதிரைக்கு அரைக்கவும் கூடாது.

அரளியில் இலை, பூ, தண்டு என்று எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பத்து இருபது இலை ஒரு குதிரைக்குப் போதும். காய்ந்த இலைக்கும் நஞ்சு குறையாது, கசப்பு குறைவதால் குதிரை எளிதில் தின்றுவிடும். கோயில் திருவிழாவில் ஊர்வலக் குதிரைக்கு மாலை போடுவது வழக்கம். அது அரளி மாலையாக இருந்து, ஓய்வில் நிற்கும்போது பக்கத்துக் குதிரை கழுத்திலிருந்து இழுத்துத் தின்ன நேர்ந்தால் காப்பாற்றுவது கடினம். ஆமணக்குக் கொட்டையும் அப்படித்தான். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் கடலைக்கொடி நல்ல தீவனம். ஆனால் மழையில் நனைந்து பூசணம் பிடித்த போரிலிருந்து எடுத்தது ஈரலைக் கெடுக்கும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூளையையே உருக்கும்: குதிரை குருடுபோலச் சுவரில் முட்டி நிற்கும், இரண்டு மூன்று நாளில் இறக்கும். மாடு தின்கிறதே என்பது இங்கே வாதமாகாது. மாட்டின் வயிறு தாங்குவதைக் குதிரையின் வயிறு தாங்காது.

வெயிலும் பந்தயமும்

தை தொடங்கித் திருவிழாக் காலம் முழுதும் அறந்தாங்கி, மணமேல்குடி, ஆலங்குடி வட்டாரங்களில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிப் பந்தயங்களும் நடக்கின்றன. போய்வர இத்தனை மைல் என்று எல்லை வைத்துத் தார்ச்சாலையில் ஓடும் ஓட்டம் அது. குதிரைக்கு வியர்வைதான் முதல் குளிர்ச்சி. புழுக்கமான கடலோரக் காற்றில் வியர்வை காயாது. உடல் வெப்பம் இறங்காது. ஓடி நின்ற குதிரையின் மூச்சு பத்து நிமிடத்தில் தணியத் தொடங்க வேண்டும். நாடி அரை மணியில் 60-க்குக் கீழ் வர வேண்டும். அப்படி வராமல், ஆசனவாய் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: தண்ணீர். குடத்தாலோ குழாயாலோ கழுத்து, முதுகு, தொடை என்று உடல் முழுதும் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நிழலுக்கும் காற்றுக்கும் நகர்த்திக்கொண்டே ஊற்றலாம். சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்தது. 1996-இல் அட்லாண்டாவின் கோடையில் ஒலிம்பிக் குதிரைப் போட்டிகள் நடக்கவிருந்தபோது செய்யப்பட்ட ஆய்வுகள் அதைப் பொய்யாக்கின. குளிர்நீர் ஊற்றுவதே உடல் வெப்பத்தை வேகமாக இறக்குகிறது என்று தெரிந்தது. ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு நிற்கவைப்பது தவறு. சாக்கு சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். குடிக்கவும் தண்ணீர் கொடுக்கலாம். நாலைந்து லிட்டர் வீதம் இடைவெளி விட்டுக் கொடுத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. வியர்வையோடு போன உப்பை ஈடுகட்ட அன்றாடம் 30 கிராம் சாதாரண உப்பும், ஓடிய நாளில் அதற்கு மேலும் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

சில குதிரைகளுக்கு ஒரு கோடையில் வியர்ப்பதே நின்றுவிடும். பக்கத்தில் ஓடியது நனைந்து நிற்க, இது உலர்ந்த தோலோடு மேல்மூச்சு வாங்கும். குளிர்ந்த ஊரிலிருந்து வாங்கிவந்த குதிரையிடம் மட்டுமல்ல, இங்கேயே பல ஆண்டு ஓடியதிடமும் இது வரும். அதை அந்தக் கோடை முழுதும் பந்தயத்துக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதே மருத்துவம்.

இன்னொன்று: இரண்டு மூன்று நாள் ஓய்வில் கட்டி, கொள்ளை மட்டும் குறைக்காமல் வைத்து, நேரே ஓட்டத்துக்கு இழுத்தால் சிறிது தூரத்திலேயே பின்புறத் தசை கல்லாய் இறுகிக் குதிரை நின்றுவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஞாயிறு ஓய்வுக்குப் பின் வேலைக்கு வந்த வண்டிக் குதிரைகளில் கண்டதால் ஐரோப்பாவில் இதைத் திங்கட்கிழமை நோய் என்றார்கள். சாட்டையால் அடித்து நகர்த்தினால் தசை கிழியும், சிறுநீரகம் கெடும். நின்ற இடத்திலேயே வண்டியைக் கழற்றிவிட்டு மருத்துவரை அங்கே வரவழைக்க வேண்டும்.

குளம்பும் காயமும்

லாடத்தை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லை என்பதற்காக விட்டுவைத்தால் குளம்பின் முனை நீண்டு, காலின் பின்புறத் தசைநாண்கள் இழுபடும். மழைக்காலத்தில் ஈரச் சாணத்திலும் மூத்திரத்திலும் நிற்கும் குதிரைக்குக் குளம்படியின் நடுவே உள்ள முக்கோண மெத்தைப் பகுதி கறுத்து அழுகும்; வாடை குப்பென்று அடிக்கும். தினமும் குளம்புக் கொக்கியால் தோண்டிச் சுத்தம் செய்து தரையை உலர வைத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும்.

குளம்பின் உள்தகடு வீங்கும் நோய் இதைவிடக் கொடியது. பொங்கல் பானையில் மிஞ்சிய சோற்றையோ, கட்டவிழ்ந்து போய்க் கொள்ளு மூட்டையையோ வயிறுமுட்டத் தின்ற ஓரிரு நாளில் வரும். முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, எடையைப் பின்னே சாய்த்து, நெருப்பில் நிற்பதுபோல நிற்கும். குளம்பைத் தொட்டால் சூடு தெரியும். கணைக்குப் பின்னே நாடி விரலை உதைக்கும். மூட்டை காலியாகிவிட்டது என்று தெரிந்த நிமிடமே, நொண்டத் தொடங்கும் முன்னரே மருத்துவரை அழைத்து, நான்கு குளம்பும் மூழ்க ஐஸ்தண்ணீரில் நிறுத்துவதுதான் பலன் தரும். நொண்டிய பிறகு செய்வதெல்லாம் சேதத்தைக் குறைக்கும் வேலைதான்.

சீமைக்கருவேல முள் காலில் ஏறாத குதிரை இந்த மாவட்டத்தில் அரிது. துருப்பிடித்த ஆணியும் லாட ஆணியும் கூட அப்படியே. காயம் சிறிதாக, ஆழமாக, மூடிக்கொண்டதாக இருப்பதுதான் ரண ஜன்னிக் கிருமிக்கு ஏற்ற இடம். வீட்டு விலங்குகளில் இந்த நோய் எளிதில் தாக்குவது குதிரையைத்தான். காது விறைத்து நிற்கும், வால் தூக்கி நிற்கும், தாடை பூட்டிக்கொள்ளும், கைதட்டினால் உடல் உதறும். கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை வெள்ளைத் திரைபோலக் குறுக்கே பாய்வது தவறவிட முடியாத அடையாளம். நோய் வந்தபின் பிழைப்பவை குறைவு. தடுப்பூசியோ மலிவு: முதல் ஊசிக்கு நான்கு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. காயடிப்பதற்கு முன்பும் ஆழமான காயத்துக்குப் பின்பும் ஊசி நிலவரத்தைச் சரிபார்க்க வேண்டும். குளம்படியில் ஏறிய ஆணியை மருத்துவர் சீக்கிரம் வருவாரானால் பிடுங்காமல் விடுவது மேல். எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அதுதான் காட்டும். பிடுங்கியே ஆக வேண்டுமானால் இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வீங்கிய மூட்டில் சூடு போடுவது புதுப்புண்ணை உண்டாக்குகிறது, பழைய வீக்கத்தைத் தீர்ப்பதில்லை.

மழைக்குப் பின் வருபவை

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஈயும் கொசுவும் பெருகும். மாட்டைக் கடித்த பெரிய ஈ அதே ரத்தம் வாயில் இருக்கக் குதிரையையும் கடித்தால் சர்ரா என்னும் நோய் பரவும். 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதன் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், தீவனம் தின்றும் உடல் மெலியும், ஈறு வெளுக்கும், அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோத்து வீங்கும். மாடும் எருமையும் இதே நுண்ணுயிரை நோயில்லாமலேயே சுமந்து திரியும். காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில்தான் கிருமி எளிதில் தெரியும் என்பதால், வெப்பமானி 39-ஐத் தாண்டிய உடனே மருத்துவரை அழைப்பது நல்லது.

மாட்டோடு சேர்த்துக் கட்டுவதால் வரும் மற்றொன்று கும்ரி. மாட்டின் வயிற்றறையில் வாழும் ஒரு நூற்புழுவின் குஞ்சுகளைக் கொசு சுமந்துவந்து குதிரைக்குள் விடும். தன் இடமல்லாத உடலில் அவை வழிதவறித் தண்டுவடத்துக்குள் ஏறினால் பின்னங்கால் தள்ளாடும், திருப்பும்போது இடுப்பு சாயும். முதல் சில நாளில் சிகிச்சை தொடங்கினால் தேறலாம். அதே புழு கண்ணுக்குள் போனால் காட்சியே வேறு. கருவிழிக்கு முன்னுள்ள நீரில் வெள்ளைநூல் ஒன்று சுருண்டு நீந்துவதை வெயிலில் நிறுத்தி வெறுங்கண்ணால் பார்க்கலாம். கண் கலங்கி நீலம் பாய்வதற்குள் மருத்துவர் சிறு அறுவையால் அதை எடுத்துவிடுவார். கண்ணில் சொட்டுமருந்து மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் பார்வை போய்விடும்.

இவற்றைத் தடுக்க மாட்டுக் கொட்டகையையும் லாயத்தையும் தள்ளி வைப்பது, லத்தியை அன்றாடம் அள்ளிக் குழியில் மூடுவது, மாலையில் புகை மூட்டுவதோடு நிற்காமல் கொசுவலை கட்டுவது ஆகியவை உதவும். ஈ மொய்த்த புண் கோடையில் ஆறாமல் சதை வளர்ந்தால் அது ஈ கொண்டுவந்த புழுக்குஞ்சால் வந்தது. எண்ணெய் பூசுவதால் ஆறாது.

குடற்புழு மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணைமூடிக் கொடுப்பது பழைய முறை. லத்தியில் முட்டையை எண்ணிப் பார்த்துக் கொடுப்பதே இன்றைய முறை. இல்லாவிட்டால் புழு மருந்துக்குப் பழகிவிடும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடக்கூடாது. போட்ட இடம் அழுகக்கூடும். குதிரைக்கு வாய்வழிப் பசையாகவே கிடைக்கிறது.

புதிய குதிரை

மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் புறப்பட்டு வந்து தங்கிவிட்ட திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோயில். நரிகள் பரிகளாகி மதுரை சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அன்றிரவே அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் கொன்றன என்பது கதையின் அடுத்த பகுதி. இறைவன் அனுப்பிய குதிரைகளையே ஆனாலும் வந்த அன்று பழையவற்றோடு கட்டியிருக்கக்கூடாது என்று கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லக்கூடும்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலோ வடநாட்டுச் சந்தைகளிலோ வாங்கிவந்த குதிரையைக் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம், தனி இடத்தில் தனி வாளி, தனிச் சீப்பு, தனிக் கடிவாளத்தோடு வைக்க வேண்டும். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும். பழைய குதிரைகளைக் கவனித்து முடித்த பிறகே புதியதிடம் போக வேண்டும். தாடைக்கீழ்க் கட்டி உடைந்து சீழ் வடியும் இளங்குதிரை நோய், குதிரைச் சளிக்காய்ச்சல் இரண்டும் இப்படித்தான் லாயத்துக்குள் நுழையும். 2008-இல் ஜம்முவின் கத்ராவில் தொடங்கிய குதிரைச் சளிக்காய்ச்சல் மாநிலம் மாநிலமாகப் பரவியது, சந்தைக்கும் திருவிழாவுக்கும் நகர்ந்த குதிரைகள் வழியாகவே.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது கிளாண்டர்ஸ். மூக்கின் ஒரு துளையிலோ இரண்டிலோ மஞ்சள் சீழ், உள்ளே முடிச்சும் நட்சத்திரம் போன்ற தழும்பும், தோலில் கயிறுபோல ஓடும் கட்டிகள் உடைந்து தேன்போன்ற சீழ் வடிதல், ஆறாத இருமல். மனிதருக்கும் தொற்றும், தொற்றினால் உயிருக்கு ஆபத்து. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய் இது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் ரத்தச் சோதனையில் உறுதி செய்தால் சிகிச்சைக்கு இடமில்லை. வலியின்றிக் கொன்று புதைப்பதும், உரிமையாளருக்கு அரசு இழப்பீடு தருவதும் நடைமுறை. மறைத்து விற்றுவிடுவது அடுத்த ஊருக்கு நோயை அனுப்புவதோடு, வாங்கியவரின் வீட்டு மனிதரையும் ஆபத்தில் தள்ளும். சந்தேகம் வந்த அன்றே கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, குதிரையைத் தனியே கட்டி, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். வாங்கும்போதே இச்சோதனைச் சான்றைக் கேட்பது இன்னும் நல்லது.

உதவியும் இறுதிக் கடமையும்

வெறிநாய் கடித்த குதிரை நாய்போலவே கடிக்க வரலாம். வெறும் வயிற்றுவலிபோலவும் நொண்டல்போலவும் தொடங்கலாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி அன்றே ஊசி தொடங்க வேண்டும். காரணம் தெரியாமல் எச்சில் ஒழுகும் குதிரையின் வாய்க்குள் வெறுங்கையை விடக்கூடாது. பாம்பு பெரும்பாலும் மூக்கிலும் முன்னங்காலிலும் தீண்டும். மூக்கு வீங்கினால் குதிரைக்கு வாய்வழி மூச்சு வராது என்பதால் நேரம் மிகக் குறைவு. மனிதருக்கும் விலங்குக்கும் பயன்படும் பாம்புக்கடி மருந்தே குதிரையின் ரத்தத்திலிருந்துதான் செய்யப்படுகிறது.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் குதிரை எண்ணிக்கை 3.4 லட்சமாக, முந்தைய கணக்கில் பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. குளமங்கலம் ஐயனார் கோயிலின் பெரிய குதிரைச் சிலையை அறிந்த அளவுக்கு உயிருள்ள குதிரையை அறிந்தவர் இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை. நாளெல்லாம் மாடும் ஆடும் பார்க்கும் மருத்துவருக்கும் குதிரை எப்போதாவது வரும் நோயாளிதான். ஆகவே நாடி, வெப்பம், கடைசியாகத் தின்ற தீவனம், லத்தி போட்ட நேரம், போட்ட தடுப்பூசிகள் ஆகிய விவரம் எழுதிய நோட்டு அவருக்குப் பாதி வேலையை முடித்துத் தரும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். அறுவைக்கும் பெரிய சிகிச்சைக்கும் பக்கத்தில் இருப்பது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. போகும் வண்டியையும் ஓட்டுநரின் எண்ணையும் நோய் வராத நாளிலேயே முடிவு செய்துவைக்க வேண்டும். நடு இரவில் குதிரை ஏறும் பலகையுள்ள வண்டி கிடைப்பது அரிது.

திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. காற்றுப்பட்டால் கிருமி வித்தாகி மண்ணில் பல ஆண்டு கிடக்கும். துளைகளில் பஞ்சடைத்து, மருத்துவர் பார்த்தபின், கிணறு, குளம், ஊருணி எதற்கும் அருகில் இல்லாத மேட்டில் ஆறடிக்குக் குறையாத குழியில் மேலும் கீழும் சுண்ணாம்பு பரப்பிப் புதைக்க வேண்டும். படுத்துக் கிடந்த வைக்கோலையும் ரத்தம் நனைந்த மேல்மண்ணையும் சேர்த்தே புதைத்துவிட்டு, குழியைச் சுற்றி முள்வேலி போட்டு மேய்ச்சலைத் தடுக்க வேண்டும். தொட்டவர்களின் பெயரை மருத்துவரிடம் கொடுத்து, அவர்களுக்குக் காய்ச்சலோ கறுத்த கொப்புளமோ வந்தால் உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்ல வேண்டும்.